சட்டமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்திற்கு: வி. ஆர். கிருஷ்ண ஐயரும் தோட்டத் தொழிலாளர் வினாவும்

வழக்கறிஞர் தொழிலும் அரசியலும் இணைந்திருப்பது பேராக் மாநிலத்திற்குப் புதிதன்று. 1953இல் ஈப்போவில் தோன்றிய மக்கள் முற்போக்குக் கட்சியை வழிநடத்திய சீனிவாசகம் சகோதரர்கள் இருவரும் வழக்கறிஞர்களே. ஆயின், மக்கள் வாக்கால் சட்டமன்றம் சென்ற ஒருவர் பின்னர் நீதியரசரானால் நடுநிலை பிறழாதிருப்பாரா? இவ்வினாவிற்கு இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயரின் பணி வரலாற்றில் நாம் விடை தேடலாம்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், தலச்சேரியில் வழக்கறிஞராகப் பணியாற்றினார், 1948இல் சிறைப்பட்டார். 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்கும் 1957இல் கேரளச் சட்டமன்றத்திற்கும் தேர்வு பெற்றார். இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகளை ஏற்றார். 1959இல் அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973இல் உச்ச நீதிமன்றத்திற்கு உயர்த்தப்பட்டபோது, அவருடைய அரசியல் பின்னணியைச் சுட்டி வழக்கறிஞர் சிலர் எதிர்த்தனர்.

அவ்வையம் 1975 ஜூன் 24இல் சோதிக்கப்பட்டது. தேர்தல் செல்லாதென்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்கு இந்திரா காந்தி முழுத் தடை வேண்டினார். கிருஷ்ண ஐயர் நிபந்தனைத் தடையே வழங்கினார்: பிரதமராக நீடிக்கலாம், உறுப்பினராக வாக்களிக்க இயலாது. மறுநாள் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பதவியில் நீடிக்க விட்டமை பற்றிக் குறை கூறுவோர் உளர். எனினும், ஆட்சியாளர் வேண்டியதை அவர் அவ்வாறே அளித்தாரல்லர் என்பது தெளிவு.

சிறையை உள்ளிருந்தும் அமைச்சராகவும் அறிந்த பட்டறிவு, கைதிகளின் உரிமையை நிலைநாட்டிய சுனில் பத்ரா வழக்குகளில் (1978, 1979) வெளிப்பட்டது. கைதி ஒருவர் எழுதிய மடலையே மனுவாக நீதிமன்றம் ஏற்றது.

நம் நோக்கில் இன்னும் முதன்மையானது 1978ஆம் ஆண்டின் உசைன்பாய் வழக்கு. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தக்காரர் வழி அமர்த்தப்பட்ட தொழிலாளர் 29 பேருக்கு வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் தம் பணியாளரல்லர் என்றார் உரிமையாளர். யாருடைய தொழிலுக்காக உழைப்பு நிகழ்கிறதோ, யாரிடம் பிழைப்பின் கட்டுப்பாடு உள்ளதோ, அவரே உண்மையான முதலாளி என்று கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார்.

கங்காணியையும் அவருக்குப் பின் ஒப்பந்தக்காரரையும் கண்ட மலேசிய ரப்பர்த் தோட்ட மக்களுக்கு இவ்வினா அயலானதன்று. மரம் ஒருவருடையது, பெயர்ப்பதிவு வேறொருவருடையது. பாலுக்குரியவர் யாரென்பதில் ஐயமில்லை. தொழிலாளிக்குப் பொறுப்பானவர் யாரென்பதே மறைக்கப்பட்டது. அத்திரையை விலக்கும் பார்வையைக் கிருஷ்ண ஐயருக்கு அளித்ததில் நீதிமன்ற நூலகத்தைப் போலவே அவருடைய பொதுவாழ்வுக்கும் பங்குண்டு என்பது நம் துணிபு. நடுநிலை என்பது கடந்த காலம் இன்மையன்று. அக்கடந்த காலத்திற்கு அடிமையாகாமையே ஆகும்.