தொடாது ஏவும் ஆளி

மெலிந்த மின்னோட்டம் ஒன்று வலிய மின்னோட்டத்தை ஏவ வேண்டும். ஆயினும் அதனைத் தீண்டலாகாது. மின்னியல் வரலாற்றில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் சிக்கல் இது.

இதற்கு முதல் விடை கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் யோசேப்பு ஹென்றி. பிரின்ஸ்ரன் நகரிலே கற்பித்த காலத்தில், 1835-ஆம் ஆண்டளவில், சிறு மின்னோட்டத்தால் ஒரு மின்காந்தத்தை இயக்கி, அதன் அசைவினாற் பெரிய மின்சுற்றொன்றைத் துண்டித்துக் காட்டினார். 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்ரிமோருக்கும் இடையே மோர்ஸ் அமைத்த தந்தியிலும் இத்தத்துவம் பயன்பட்டது. களைத்த குதிரையை விடுத்துப் புதுக்குதிரை பூட்டும் வழக்கத்தைக் குறித்த 'ரிலே' என்னுஞ் சொல்லே இக்கருவிக்குப் பெயராயிற்று.

ரிலேயிற் கம்பிச்சுருள் ஒருபுறம், வலிய மின்சாரம் மறுபுறம், இடையில் வெறுங்காற்று. அக்காற்றே காவல். ஆனால், அசையும் உறுப்புத் தேயும். தொடுமுனைகளிற் பொறி பறந்து கருகும். 1947 செப்ரெம்பர் 9-ஆந் திகதி ஹாவாட் பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறியின் ரிலே ஒன்றினுள் அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. பணியாளர் அதனைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர்.

அசைவே இல்லாத ஆளி 1950-களிற் பிறந்தது. பெல் ஆய்வுகூடத்தார் 1956-இல் நான்கு படை கொண்ட சிலிக்கன் ஆளியை விளக்கினர். மறு ஆண்டில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தார் அதனைப் பெரிய மின்னோட்டத்துக்கு உகந்ததாக ஆக்கினர். அதன் வாயிலிற் சிறு துடிப்பொன்று பட்டால் வழி திறக்கும். மின்னோட்டம் அற்றுப்போகும் வரை மூடாது. 50 சுற்று ஆடலோட்டம் நொடிக்கு 100 முறை சுழியத்தைக் கடப்பதால், துடிப்பை நிறுத்தினால் ஆளி தானாகவே மூடிக்கொள்ளும். இருதிசையிலும் ஓட்டத்தை விடும் 'ட்ரையாக்' 1960-களிலே தோன்றியது.

ஆயினும், பொறியியலாளர் பெருமை பேசிய இப்புதுமையில் ஹென்றியின் காற்று இடைவெளி மறைந்துபோயிற்று. ட்ரையாக்கின் வாயில் 230 வோல்ற்று மின்சுற்றுடன் நேரே தொடர்புடையது. 1970-களில் வந்த நுண்கட்டுப்படுத்தியோ சில வோல்ற்றில் இயங்குவது. இரண்டையும் கம்பியால் இணைத்தால், சிறுசுற்றிற் கைவைப்பவன் வீட்டு மின்சாரத்திலேயே கைவைத்தவனாவான்.

இழந்த காவலை மீட்டுத் தந்தது ஒளி. ஒளிகாலும் இருவாயி ஒன்று கட்புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரை வீச, எதிரே ஒளியுணரும் சிலிக்கன் அதனை ஏற்று ட்ரையாக்கைத் தூண்டும். இடையிலுள்ள காப்புப்பொருள் பல ஆயிரம் வோல்ற்றைத் தாங்கும். பெல் ஆய்வுகூடத்தில் நான்கு படை ஆளியை ஆக்கியவர்களுள் ஒருவரான நிக் ஹொலோனியாக், 1962-இல் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி காலும் இருவாயியை ஆக்கியவருமாவார். ஆளியும் ஒளியும் ஆகிய இருதுறையிலும் அவர் கை பட்டிருந்தது.

வோல்ற்று சுழியத்தைக் கடக்குந் தறுவாய் வரை காத்திருந்து ட்ரையாக்கைத் தூண்டும் அமைப்புகளும் உண்டு. அலையின் நடுவிலே ஆளி திறந்தால் வானொலியிற் கரகரப்பு எழும் என்பதை நேயர் பலர் அறிவர்.

இவ்வளவும் அமைந்த பின்னரும் ஒரு குறை நீங்கவில்லை. ஓட்டம் செல்லுகையில் ட்ரையாக்கில் ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேல் வீணாகும்; 10 அம்பியர் சென்றால் 10 உவாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கும். வெப்பத்தை அகற்றும் உலோகத்தகடு போதாவிடின் சிலிக்கன் பழுதுறும். பழுதுற்றாற் பெரும்பாலும் மூடிய வழியாகாது, திறந்த வழியாகவே நின்றுவிடும். நன்னிலையில் அணைந்திருக்கும் போதும் சிறிது மின்னோட்டம் கசியும். ஆகவே, மின்குமிழ் எரியவில்லை என்பதை நம்பி அதன் கம்பியைத் தொடலாகாது. மின்சாரம் நுழையுமிடத்தில் உருகியும், கையாற் பிரிக்கும் பழைய ஆளியும் இன்றும் வைக்கப்படுவது இதன் பொருட்டே.