குண்டு கிராமமும் எங்க மணியும்

1690-ல் மராட்டியர்கிட்டேருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, சுற்றியுள்ள நிலத்தை எப்படி அளந்தாங்க தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்கு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்'னே பேர். 1781-ல் சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கியிருந்த ஹைதர் அலி ஆட்கள்மேல கம்பெனிப் படை மோதித் தோத்துச்சு. அடுத்த மாசமே பரங்கிப்பேட்டைச் சண்டை. 1783-ல் கடலூர் முற்றுகை. இதையெல்லாம் எழுதி வச்சவங்க, அந்த ஊர் நாய்ங்க பட்ட பாட்டை எழுதல.

எங்க மணி ஒரு தீபாவளிக்குக் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி, நாலாம் நாள்தான் திரும்புச்சு. கட்டிப் போட்டது என் தப்பு.

2018-லேருந்து தமிழ்நாட்டுல தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8னு நேரம் இருக்கு. எல்லாரும் கேக்குறதில்லதான், ஆனாலும் நாம தயாராகலாம். சாயங்காலமே சோறு போட்டு, வெளிய கூட்டிப் போயிட்டு வந்து, நெல் மூட்டை அடுக்கின உள்ளறையில விடுவேன். கட்டறதில்ல. ஜன்னலைச் சாத்தி ரேடியோ போடுவேன். நடுங்கினா அதட்டாம பக்கத்துல உக்காந்துடுவேன்.

போன தீபாவளிக்கும் நடுங்குச்சு. ஆனா ஓடல, என் காலடியிலயே கிடந்துச்சு.