ஜான் ஜெரார்டு

ஜான் ஜெரார்டு (4 அக்டோபர் 1564 – 27 சூலை 1637) இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத், முதலாம் ஜேம்ஸ் ஆகியோரின் ஆட்சிக்காலத்தில் தலைமறைவாக மறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குரு ஆவார். இலண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்பிய மிகச் சிலருள் இவரும் ஒருவர்.

தலைமறைவுப் பணி

1585 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் நாட்டுக்குள் இருப்பதே இராசத் துரோகம். அவருக்கு அடைக்கலம் தருவோருக்கும் மரண தண்டனை. 1588 இல் உரோமையில் இயேசு சபையில் சேர்ந்த ஜெரார்டு, அவ்வாண்டின் இறுதியில் நார்போக் கடற்கரையில் இரவில் இறங்கினார். எசுப்பானிய ஆர்மடா முறியடிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. எதிர்ப்பட்டோரிடம், தொலைந்துபோன வேட்டை வல்லூறைத் தேடுவதாகக் கூறிக்கொண்டார். உயர்குடியில் பிறந்தவராதலால் கனவான் வேடம் இவருக்கு இயல்பாகவே பொருந்தியது.

கத்தோலிக்கர் இல்லங்களில் நிக்கலசு ஓவன் என்னும் தச்சர் குருக்களுக்கு மறைவறைகள் அமைத்தார். 1594 இல் எசெக்சிலுள்ள பிராடொக்சு மாளிகையைக் காவலர் நான்கு நாட்கள் சோதித்தபோது, ஜெரார்டு அத்தகைய அறையொன்றில் ஓரிரு பிசுக்கட்டுகளுடனும் சிறிது பழக்கூழுடனும் ஒளிந்திருந்தார். சில வாரங்களில் இலண்டனில் பிடிபட்டார்.

சிறையும் தப்பித்தலும்

1597 இல் கோபுரத்திற்கு மாற்றப்பட்டு, சபைத் தலைவர் என்றி கார்னெட்டின் இருப்பிடத்தைக் கூறுமாறு மணிக்கட்டுகளில் விலங்கிட்டுத் தொங்கவிடப்பட்டார். அவர் கூறவில்லை. பல வாரங்கள் கைகள் செயலற்றிருந்தன.

பின்னர் ஆரஞ்சுச் சாற்றால் மறைவாக எழுதி வெளியாருடன் தொடர்பு கொண்டார். எலுமிச்சைச் சாற்று எழுத்து நீரில் நனைத்தால் தெரிந்து, உலர்ந்ததும் மறைந்துவிடும். ஆரஞ்சுச் சாற்று எழுத்தோ சூடுபட்டால் மட்டுமே தோன்றும், மீண்டும் மறையாது. எனவே கடிதத்தை இடையில் எவரேனும் படித்திருந்தால் பெறுநர் அறிந்துகொள்வார். இவ்விளக்கத்தை ஜெரார்டே எழுதிவைத்துள்ளார்.

அக்டோபர் 1597 இல் சக கைதி ஜான் ஆர்டனுடன், அகழிக்கு மேலே கட்டப்பட்ட கயிற்றில் ஊர்ந்து தப்பினார். கயிறு எதிர்பார்த்த அளவு சரியாமல் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருந்ததால், நலிந்த கைகளுடன் அதைக் கடப்பது பெரும்பாடாயிற்று. தண்டனைக்கு உள்ளாகக்கூடிய சிறைக்காவலரும் தப்பிச்செல்ல ஏற்பாடு செய்தார்.

இறுதிக்காலம்

1605 வெடிமருந்துச் சதியில் இவருக்குத் தொடர்புண்டு என அரசு குற்றஞ்சாட்டியது. சதியாளர்கள் உறுதிமொழி எடுத்தபின் இவர் நிறைவேற்றிய திருப்பலியில் பங்கேற்றனர். எனினும் இவர் சதியை அறிந்திருக்கவில்லை எனக் கை பாக்சு வாக்குமூலம் அளித்தார். ஓவன் 1606 இல் சித்திரவதையில் இறந்தார். கார்னெட் தூக்கிலிடப்பட்ட 3 மே 1606 அன்றே, அயல்நாட்டுத் தூதர்களின் பணியாளர் வேடத்தில் ஜெரார்டு இங்கிலாந்தை விட்டு வெளியேறினார்.

1609 அளவில் இலத்தீனில் எழுதிய தன்வரலாறே இவரைப் பற்றிய முதன்மைச் சான்று. எனவே பல நிகழ்வுகள் ஒருதரப்புக் கூற்றாகவே கிடைக்கின்றன. 1637 இல் உரோமையில் காலமானார். ஓவன் 1970 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.