அச்சம் நீங்கியபின் பேசிய படங்கள்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைக் காட்சிக்குச் செல்லும் நம்மவர் பலர், திரைப்படம் பொழுதுபோக்குக்கே உரியதென எண்ணுவர். ஆயினும், ஒரு நாடு தான் கடந்துவந்த இருண்ட காலத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கும் அதே வெண்திரை துணைநின்றதுண்டு. அண்டை நாடாகிய இந்தியாவின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1975 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் இரவு அங்கே நெருக்கடி நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர்; பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1977 மார்ச் மாதத் தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி தோல்வியுற்றது. அம்மாதம் 21 ஆம் நாள் நெருக்கடி நிலையும் நீங்கிற்று. ஓர் ஆணையை நீக்க ஒரு நாள் போதும். மக்கள் இழந்தவற்றைக் கணக்கிட ஒரு நாள் போதுமா?

அக்கணக்கை எழுதியவர்களுள் படமெடுப்போரும் இருந்தனர். அம்ரித் நாகட்டா ஆட்சியாளரை எள்ளி நகையாடி 'கிஸ்ஸா குர்சி கா', அதாவது 'நாற்காலியின் கதை' என்ற படத்தை எடுத்திருந்தார். நெருக்கடிக் காலத்தில் அதன் படச்சுருள்கள் எரிக்கப்பட்டன. அவர் மனந்தளராது அதனை மீண்டும் எடுத்து, 1978 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஆனந்த் பட்வர்தன், அரசியற் கைதிகளின் சிறை அநுபவங்களை ஆவணப்படமாக்கினார்.

சத்யஜித் ராய் கையாண்ட வழி வேறு. 1980 இல் வெளிவந்த 'ஹீரக் ராஜார் தேஷே' சிறுவருக்கான கதை. அதில் ஓர் அரசன் பள்ளியை மூடுகிறான்; குடிகளின் அறிவை மாற்ற ஓர் இயந்திரம் வைத்திருக்கிறான். இறுதியில் அதே இயந்திரத்துள் அகப்பட்டு, தன் சிலையைத் தானே மக்களோடு சேர்ந்து இழுத்து வீழ்த்துகிறான். சிறுவர் சிரித்தனர், பெரியோர் பொருளறிந்து சிரித்தனர்.

சிரிப்புக்கு இடமற்ற கதையும் உண்டு. 1976 இல் கோழிக்கோட்டில் பொறியியல் மாணவர் ராஜனைப் பொலிசார் பிடித்துச் சென்றனர். அவர் வீடு திரும்பவேயில்லை. நெருக்கடி நிலை நீங்கியபின் அவருடைய தந்தையார் நீதிமன்றம் சென்றார். அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் 'பிறவி' என்னும் மலையாளப் படத்தை ஷாஜி என். கருண் 1988 இல் எடுத்தார். வாராத மகனுக்காக நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவரே அதன் நாயகர்.

அவரைப் போன்ற ஒரு தந்தையை நமது நாட்டுப் படமொன்றிலும் காண்கிறோம். பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படத்தில், கண்பார்வையற்ற தந்தையொருவர், முத்திரையிட்ட பெட்டியுள் தம் மகனின் உடல் இருப்பதாகச் சொல்லப்படுவதை நம்ப மறுக்கிறார். 2000 ஆம் ஆண்டில் அரசு அப்படத்தைத் திரையிட விடாது தடுத்தது. 2001 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே தடை நீங்கிற்று.

மகன் வருவான் என்று வாயிலைப் பார்த்திருக்கும் பெற்றோரைக் கொழும்பின் தெருக்களும் அறியும். தேர்தல் ஆட்சியை மாற்றும். சட்டம் தடையை நீக்கும். அப்பெற்றோரின் காத்திருப்பு மட்டும் அந்நாளோடு முடிவதில்லை. அதை நாடு மறவாதிருக்கச் செய்ததே இப்படங்கள் ஆற்றிய பணியாகும். அத்தகைய படம் நம் அருகே திரையிடப்படுமாயின், நாமும் சென்று பார்ப்போமாக.