கடவுச்சீட்டின் விலை

கட்டணம் உயரப்போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் அலுவலக வாசலில் வரிசை நீள்வது நாம் காணும் காட்சியே. பத்திரப் பதிவானாலும் சரி, கடவுச்சீட்டானாலும் சரி, விலை ஏறுவதற்கு முன் வேலையை முடித்துக்கொள்ள விழைவது மனித இயல்பு.

இந்தியக் கடவுச்சீட்டின் சாதாரணக் கட்டணம் 2012 அக்டோபர் 1 முதல் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. அறிவிப்பு வந்ததற்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே இருந்தவை சில நாட்களே. சீட்டின் காலம் முடியச் சில மாதங்கள் எஞ்சியிருக்க, "இப்போதே புதுப்பித்துவிட்டால் ஐந்நூறு ரூபாய் மிச்சம்" என்று கணக்கிட்டவர்களை நாம் அறிவோம். அந்தக் கணக்கில் பிழை இல்லை. பழைய சீட்டில் எஞ்சிய மாதங்கள் புதிய சீட்டில் சேர்க்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால், குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாகும் சீட்டைப் பல நாடுகள் கேட்பதால், கடைசி நாள் வரை காத்திருப்பதிலும் பெரிய ஆதாயம் இல்லை. வசதியுள்ளோர்க்கு ஐந்நூறு ரூபாய் சிறு தொகை. கடல் கடந்து கூலி வேலைக்குப் புறப்படும் ஏழைக்கோ அது ஒரு நாள் உழைப்பு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் தம் நாட்டின் எல்லையைக் கடப்பதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? அந்த விலையை எந்த நியாயத்தைக் கொண்டு அளப்பது? வரலாறு இதற்குச் சில விடைகளை வைத்திருக்கிறது.

போர் கொண்டுவந்த நூல்

முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. 1914-இல் போர் மூண்டதும் ஒற்றர்களுக்கு அஞ்சி அரசுகள் எல்லைகளை மூடின. இந்தியாவிலும் 1915-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் கடவுச்சீட்டு கட்டாயமாயிற்று. போர் முடிந்தால் நீங்கிவிடும் என்று பலர் எண்ணிய இத்தடை, போர் முடிந்த பின்னும் நிலைத்துவிட்டது.

சர்வதேச சங்கம் 1920 அக்டோபரில் பாரிசில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த தாள்களுக்குப் பதிலாக ஒரே அமைப்பிலான சிறு நூலை அம்மாநாடு பரிந்துரைத்தது. இன்று நம் கையிலுள்ள நூலின் மூதாதை அதுவே. அம்மாநாடு கட்டணத்தையும் மறக்கவில்லை. கடவுச்சீட்டுக்கு வாங்கும் தொகை அரசுக்கு வருவாய் தேடும் வரியாக இருத்தல் கூடாது என்று அது கூறியது. செலவை ஈடுசெய்யலாம், பயணியை வருமான ஊற்றாகக் கருதலாகாது. சுருங்கச் சொன்னால் அதன் நியாயம் இதுவே.

நாடற்றோருக்கு ஒரு சீட்டு

கடவுச்சீட்டு வழங்க நாடு இருந்தவர்களுக்கு அது பொருந்தியது. நாடே இல்லாதவர்கள் யாரிடம் போவது? 1917-இல் நிகழ்ந்த புரட்சிக்கும் அதன் பின் எழுந்த உள்நாட்டுப் போருக்கும் தப்பி இலட்சக்கணக்கான ரஷ்யர்கள் வெளிநாடுகளில் சிதறிக்கிடந்தனர். அவர்களுள் மிகப் பலரின் குடியுரிமையை 1921 டிசம்பரில் சோவியத் அரசு பறித்தது. வேலை கிடைத்த ஊருக்கும், உறவினர் வாழ்ந்த நாட்டுக்கும் அவர்களால் செல்ல இயலவில்லை.

இவர்களுக்காகச் சர்வதேச சங்கம் நியமித்த உயர் ஆணையர், நார்வே நாட்டின் பிரிட்ஜோப் நான்சென். 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்த துருவ ஆய்வாளர் இவர். 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய அரசுகளை, அகதிகளுக்கென ஓர் அடையாளச் சான்றிதழை ஏற்குமாறு இவர் இசையச் செய்தார். அதுவே 'நான்சென் கடவுச்சீட்டு' என்று பெயர் பெற்றது. 1924-இல் அர்மீனிய அகதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதைக் கையில் ஏந்தியவர்களே. நான்சென்னுக்கு 1922-இலும், அவர் மறைவுக்குப் பின் அவர் பெயர் தாங்கிய அகதிகள் அலுவலகத்துக்கு 1938-இலும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சீட்டு ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1926-இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, அதில் ஒட்டுவதற்கு 'நான்சென் வில்லை' என்ற ஒரு முத்திரைவில்லை உண்டாயிற்று. அதன் விலை 5 பொன் பிராங்க். கொடுக்க இயன்ற அகதி கொடுத்தார்; வறியவருக்குக் கட்டணம் இல்லை. வந்த பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகாமல், வேறு அகதிகளை வேலையுள்ள இடங்களுக்கு அனுப்பவும் குடியமர்த்தவும் ஒரு நிதியாயிற்று. ஓர் அகதி தம் சீட்டைப் புதுப்பிக்கையில், முகமறியாத இன்னோர் அகதியின் பயணத்துக்கும் துணைநின்றார். கட்டணத்தின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த பக்கத்தை நாம் கண்டதில்லை.

சலுகையா, உரிமையா?

சுதந்திர இந்தியாவில் நெடுங்காலம் கடவுச்சீட்டு அரசு விரும்பினால் தரும் சலுகையாகவே கருதப்பட்டது. கொடுக்கவும் மறுக்கவும் வரையறுத்த சட்டம் இல்லை. தம் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தரச் சொன்ன ஆணையை எதிர்த்து சத்வந்த் சிங் சாகனி என்ற வணிகர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1967 ஏப்ரல் 10 அன்று, தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட மூவர், இருவரின் மறுப்புக்கிடையே, வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் எனத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. எக்காரணங்களால் மறுக்கலாம் என்பதை அது வரையறுத்தது. மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதியவும் பணித்தது.

பயணம் உரிமையானால் அதன் கட்டணம் உரிமைக்கு வேலியாகலாமா? அச்சுக்கும் காவல்துறை விசாரணைக்கும் அஞ்சலுக்கும் செலவுண்டு. அதைத் தருவது நம் கடமை. ஆனால் ஏழை கொடுப்பது அரசுக் கட்டணம் மட்டுமன்று. படிவம் நிரப்பத் தெரியாததால் இடைத்தரகருக்கு ஒரு தொகை. பிறப்புச் சான்றுக்கு அலைந்ததில் இழந்த கூலி. எழுத்துப் பிழையால் மீண்டும் ஒரு பயணம். இவை எந்த அரசாணையிலும் ஏறாத கட்டணங்கள்.

கட்டணம் உயருமுன் நம் சீட்டைப் புதுப்பித்துக்கொள்வோம், அது விவேகமே. அந்த வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் ஒதுக்கி, நம் தெருவிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஓர் இளைஞருடன் அமர்ந்து, அவருடைய படிவத்தையும் பிழையின்றி நிரப்பிக் கொடுப்போம். நான்சென் வில்லையை ஒட்டியவர்கள் தம்மைவிட வறியவருக்குச் செய்ததை, ஒரு பேனாவைக் கொண்டு நாமும் செய்யலாம்.