ஜஅஃபர் (ரலி) அவர்களின் பிள்ளைகள்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) மூத்தா போரில் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்கள் தாமே அவ்வில்லம் சென்று, பிள்ளைகளை அணைத்துக் கண்ணீர் வடித்தார்கள். அக்குடும்பத்திற்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பணித்தார்கள்.

மூன்று நாட்களுக்குப் பின் மீண்டும் வந்து, நாவிதரை அழைத்துப் பிள்ளைகளின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். சிறுவர் அப்துல்லாஹ் தோற்றத்திலும் குணத்திலும் தம்மை ஒத்தவர் என்றார்கள். யதீம்களாகிவிட்டனரே என வருந்திய தாயார் அஸ்மா (ரலி) அவர்களிடம், அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என உறுதியளித்தார்கள்.

முதலில் கண்ணீர், அடுத்து உணவு, பின்னர் அவகாசம், இறுதியில் பொறுப்பேற்பு. இதுவே அங்கு நாம் காணும் வரிசை.

பிற்காலத்தில் இப்பொறுப்பை வக்ஃப் ஏற்றது. மம்லூக் கால கெய்ரோவில் யதீம்களுக்கென மக்தப்கள் எழுந்தன. கல்வியோடு உணவும் உடையும் வக்ஃப் வருவாயிலிருந்து வழங்கப்பட்டன. 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடிய பின், 1356இல் சுல்தான் ஹசன் கட்டத் தொடங்கிய மத்ரசா வளாகத்திலும் அத்தகைய மக்தப் இடம்பெற்றது.

இன்றும் தந்தையை இழந்த மாணவர் வகுப்புக்குத் திரும்புகிறார். அவரது மனனம் தடுமாறினால், அது சோம்பல் அன்று, துக்கமாக இருக்கலாம். விடுபட்ட பாடத்தைக் கேட்குமுன் அவரது நலம் கேட்போம். துக்கம் விசாரிக்க வந்தோர் கலைந்த பின்னரும் அவரைக் கவனிக்க ஓர் ஆசிரியரை ஒவ்வொரு பள்ளியும் மத்ரசாவும் நியமிக்கட்டும். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.