லூக் ஓடுதளத்தில் நிகழ்ந்தது என்ன?

அமீலியா இயர்ஹார்ட் அம்மையார் மறைந்த புதிரைப் பற்றி எழுதியோர் பலர். 1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் நியூகினியின் லே என்னும் ஊரிலிருந்து புறப்பட்டவர் என்ன ஆனார் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு மூன்றரைத் திங்களுக்கு முன்னர், அதே விமானம் ஹவாயில் தரையைவிட்டு எழுமுன்னரே நொறுங்கிய செய்தியை அவர்களுட் பலர் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். பின்னர் நேர்ந்தவற்றுக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

பூமத்தியரேகையை ஒட்டி உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது அம்மையாரின் திட்டம். அவர் தேர்ந்துகொண்ட லாக்ஹீட் எலெக்ட்ரா, பத்துப் பயணிகளுக்கென அமைந்த, இரட்டை எஞ்சின் கொண்ட சிறு விமானம். இருக்கைகள் இருக்கவேண்டிய இடத்தைப் பெட்ரோல் தொட்டிகள் அடைத்துக்கொண்டன. மார்ச் 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 15 மணி 47 நிமிடத்தில் ஹவாய்த் தீவை அடைந்தனர். அடுத்து இறங்கவேண்டிய இடம் ஏறத்தாழ 1,800 மைலுக்கு அப்பாலுள்ள ஹௌலண்ட் என்னும் சிறு தீவு.

20-ஆம் நாள் விடியற்காலையில், பேர்ள் துறைமுகத்திலுள்ள லூக் ஓடுதளத்தில், சுமார் 900 காலன் பெட்ரோலைச் சுமந்துகொண்டு விமானம் ஓடத் தொடங்கிற்று. உடன் இருந்தோர் ஃபிரெட் நூனன், ஹாரி மானிங் ஆகிய இருவர். சற்றுத் தூரம் ஓடியதும் விமானம் வலப்புறம் விலகிற்று. அம்மையார் இடப்புற எஞ்சினின் விசையைக் குறைத்தார். அவ்வளவில் அது இடப்புறமாகச் சுழன்றது. வலப்புறச் சக்கரத்தின் கால் முறிய, விமானம் தீப்பொறி பறக்க வயிற்றால் உராய்ந்து சென்று நின்றது. பெட்ரோல் பற்றி எரியாததும், மூவரும் உயிர் தப்பியதும் பெரும்பேறே.

பார்த்து நின்றவர்களிற் சிலர், வலப்புற டயர் வெடித்ததே காரணம் என்றனர். பால் மரங்களுக்கிடையே வாழ்நாளைக் கழித்த என் போன்றோர்க்கு, டயரின் மேல் பழி விழும்போது அதன் பக்கம் நின்று இரண்டு வார்த்தை பேசத் தோன்றுவது இயல்புதானே! வலப்புற டயர் வெடித்தால் அப்பக்கம் இழுவை மிகும். விமானம் வலப்புறம் விலகும். இதுவரை சாட்சியம் பொருந்துகிறது. ஆனால் வேகமாக இடப்புறம் சுழலும் விமானத்தின் பாரமெல்லாம் வலப்புறச் சக்கரத்தின்மேல் சாயும். பக்கவாட்டில் இழுபடும் டயர் அப்போதும் வெடிக்கலாம். வெடித்தது உண்மையாயினும், முதலில் வெடித்ததா, சுழன்றபின் வெடித்ததா என்பதன்றோ வினா? கண்ணாற் கண்டவர்க்கும் இரண்டு நொடிக்குள் நிகழ்ந்தவற்றின் முன்பின் தெரிவது அரிது.

அம்மையாரின் தொழில்நுட்ப ஆலோசகர் பால் மான்ட்ஸ் வேறு காரணம் கூறினார். ஓடும்போது இரு எஞ்சின்களின் விசையையும் மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைத்துத் திசை திருப்புவது அம்மையாரின் வழக்கம் என்றும், அது கூடாதென்று தாம் முன்னரே எச்சரித்ததாகவும் அவர் சொன்னார். எலெக்ட்ராவின் அமைப்பை நோக்கின் இதன் பொருள் விளங்கும். அதற்கு முன்னே இரு பெருஞ்சக்கரங்கள், வாலில் ஒரு சிறு சக்கரம். பாரத்தின் மையம் பெருஞ்சக்கரங்களுக்குப் பின்னே உள்ளது. கைவண்டியை முன்னின்று இழுத்தால் நேரே வரும். பின்னின்று தள்ளினாலோ சிறிது கோணினும் மேலும் கோணும். இவ்விமானமும் தள்ளப்படும் வண்டியைப் போன்றதே. பெட்ரோலின் சுமை கூடக் கூட அக்கோணலை அடக்குவது கடினம்.

அம்மையாரின் பெயரால் அவ்வாண்டே வெளிவந்த நூலில் அவர் டயரின்மேல் முழுப்பழியையும் போடவில்லை. தரையிலிருந்த தடங்களை ஆராய்ந்தபின், டயர் முதற்காரணமாக இராதென்றும், வலப்புறக் காலின் அதிர்வுதாங்கி தளர்ந்திருக்கலாம் என்றும் கருதுகிறார். தம் கை செய்த திருத்தத்தைவிட இயந்திரத்தையே ஐயுறுகிறார் என்று சிலர் குறைகூறுவர். எனினும், தமக்குச் சாதகமான சாட்சியத்தை அவரே ஐயுற்றதை நான் மதிக்கிறேன். என்னளவில் மான்ட்ஸ் கூற்றே வலியது, முற்றமுடிந்த முடிபன்று.

சிதைந்த விமானம் கப்பலேறிக் கலிபோர்னியா சென்று, மே மாதத்திலேயே செப்பம் பெற்றது. அதற்குள் பருவம் மாறிவிட்டது. கரீபியன் கடலிலும் ஆப்பிரிக்காவிலும் வானிலை கெடுமுன் கடக்க வேண்டித் திசையைத் தலைகீழாக்கி, கிழக்கு நோக்கிப் பறக்கத் துணிந்தனர். மானிங் விலகிவிட்டார். அவர் கப்பல் தலைவர். மோர்ஸ் தந்தி முறையில் வல்லவர். எஞ்சிய இருவருக்கும் அத்திறமை போதாது.

ஜூன் 1-ஆம் நாள் மயாமியிலிருந்து புறப்பட்ட பயணம் கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் வழியாக, 20-ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தது. காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டு அன்றைக்கு எட்டே நாள். மறுநாட்காலையிலேயே விமானம் பாண்டுங் நோக்கிப் புறப்பட்டது.

முதல் திட்டத்தில் ஹௌலண்ட் இரண்டாவது கட்டம். ஓக்லாந்தை விட்ட சில நாட்களில் எட்டக்கூடியது. மாறிய திட்டத்தில் அது, சுமார் 22,000 மைல் பறந்து களைத்தபின், லேயிலிருந்து மேலும் 2,556 மைல் கடந்து தேடவேண்டிய புள்ளியாயிற்று. தீவருகே நின்ற இட்டாஸ்கா கப்பலில் அம்மையாரின் குரல் தெளிவாகக் கேட்டது. கப்பலுடன் அவர் உரையாடல் கூடவில்லை. அவருக்காக அத்தீவில் சமன்செய்து வைத்திருந்த ஓடுபாதைகளில் எலெக்ட்ரா இறங்கவே இல்லை.